கப்பலைப் பார்க்கவா அலாஸ்கா போகிறீர்கள்?

"சார், பையன் அலாஸ்கா க்ரூஸ் கூட்டிட்டுப் போறேங்கறான். எந்தக் கம்பெனி நல்லது? ராயல் கரீபியனா, பிரின்சஸா?"

களமசேரி, இடப்பள்ளி, காக்கநாடு என்று இந்தப் பக்கம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் நிறைய பேருக்கு மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். புது வருஷம் பிறந்தால் இந்தக் கேள்வியும் கூடவே பிறந்துவிடும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற பேங்க்காரனுக்குக் கப்பலைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று மக்களுக்கு ஒரு நம்பிக்கை :-)

என் பதில் எப்போதும் ஒன்றுதான். கேள்வியே தப்பு. கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். எத்தனை மாடி, எத்தனை நீச்சல் குளம், எத்தனை ரெஸ்டாரண்ட் என்றும் கேட்காதீர்கள். கப்பல் எந்த வழியாகப் போகிறது, எந்தப் பனியாற்றுக்கு முன்னால் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். குளிர்கடல் பயணத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது வழியைத்தான். கப்பல் வெறும் பஸ்.

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. நம் ஊர் க்ரூஸ் கற்றுக்கொடுத்த பாடம் இது. எர்ணாகுளம் வார்ஃபில் 2021-ல் சாகரிகா முனையத்தைத் திறந்தார்கள். அதே வருஷம் கார்டெலியா கம்பெனியின் எம்ப்ரஸ் ஓட ஆரம்பித்தது. மும்பை, கொச்சி, லட்சத்தீவு என்று சுற்றும். 1990-ல் கட்டி, பல வருஷம் ராயல் கரீபியன் ஓட்டிய பழைய கப்பல் அது. 2023 கடைசியில் கோஸ்டா செரீனாவும் சில மாதம் வந்துவிட்டுப் போனது. இந்தப் பயணங்களில் வெளியே எட்டிப் பார்த்தால் நீலத் தண்ணீர், அவ்வளவுதான். பொழுதுபோக்கு முழுக்கக் கப்பலுக்குள்ளே. அதனால் சாப்பாடு எப்படி, ஷோ எப்படி என்று பார்த்து முடிவு செய்வது அங்கே சரி. குறை சொல்ல மாட்டேன்.

அலாஸ்காவில் கதை தலைகீழ். அங்கே விஷயம் வெளியே இருக்கிறது. லட்சத்தீவுக்குப் போன கண்ணாலேயே அலாஸ்காவையும் பார்த்தால், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் ஒரு மிதக்கும் லுலு மாலில் ஏழு நாள் உட்கார்ந்துவிட்டு வருவீர்கள். லுலு மால் இடப்பள்ளியிலேயே இருக்கிறது. மெட்ரோவில் போய் வந்துவிடலாம்.

முதலில் இந்தக் கம்பெனி மயக்கத்தைத் தெளிய வைப்போம். பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, கார்னிவல், குனார்ட் எல்லாம் ஒரே முதலாளி, கார்னிவல் கார்ப்பரேஷன். ராயல் கரீபியனும் செலிப்ரிட்டியும் ஒரு வீடு. நார்வீஜியன், ஓஷியானியா, ரீஜென்ட் இன்னொரு வீடு. பேங்க் பாஷையில் சொன்னால், ஒரே பேங்க்கில் ஃபிக்ஸட் டெபாசிட்டும் விற்கிறார்கள், மியூச்சுவல் ஃபண்டும் விற்கிறார்கள். பேங்க் பெயரைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரையும், என்ன பத்திரம் என்று படித்துப் பார்த்துப் போடுகிறவரையும் தினம் பார்க்கிறேன். பின்னால் வந்து அழுகிறவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அலாஸ்காவில் அந்தப் பத்திரம் என்ன? அனுமதி.

கிளேசியர் பே என்கிற தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு பெரிய கப்பல்தான் நுழையலாம். அமெரிக்கப் பூங்காத் துறையின் கட்டுப்பாடு அது. 1794-ல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரியின் ஆட்கள் அந்தப் பக்கம் வந்தபோது விரிகுடாவின் வாயிலேயே பனி அடைத்துக்கொண்டு நின்றது. 1879-ல் ஜான் மியூர் வந்து பார்த்தபோது அது 60 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போய்விட்டிருந்தது. அப்படிப் பின்வாங்கிய பனி விட்டுவிட்டுப் போன இடம்தான் இன்றைக்குக் கப்பல் போகிற வழி. பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி நாள் முழுக்கக் கூடவே வந்து விளக்கம் சொல்கிறார்கள். இந்த அனுமதியில் பெரும்பங்கு ஹாலந்து அமெரிக்காவிடமும் பிரின்சஸிடமும் இருக்கிறது. நார்வீஜியனுக்கும் கொஞ்சம் உண்டு. ராயல் கரீபியன் பெரும்பாலும் ஹப்பார்ட் பனியாற்றுக்கோ எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடற்கழிக்கோதான் போகும்.

ஹப்பார்ட் மட்டம் என்று சொல்லவில்லை. கடலில் வந்து முடிகிற அதன் முகமே சுமார் 10 கிலோமீட்டர் அகலம். பிரமாண்டம். நான் சொல்வது, இவையெல்லாம் ஒன்றல்ல என்பதைத்தான். ஆனால் விளம்பரத் தாளில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: "சீனிக் க்ரூசிங்". குறுகிய கழியில் மிதக்கும் பனிக்கட்டி அதிகமாக இருந்தால் பெரிய கப்பல் பனியாற்றைப் பார்க்காமலேயே திரும்பிவிடும். டிரேசி ஆர்ம் என்ற இடத்தில் 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி மலை சரிந்து கடலில் விழுந்து சுனாமியே வந்தது. இதெல்லாம் இயற்கை, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த இடம் என்றே கேட்காமல் லட்சக்கணக்கில் பணம் கட்டுவது இயற்கை இல்லை, நம் அசட்டை.

அடுத்த விஷயம், எங்கே ஏறுவது. சியாட்டிலா, வான்கூவரா?

"சியாட்டில்ல ஏறினா கனடா விசா வேண்டாமே" என்று ஒரு வதந்தி நம் மக்களிடம் பல வருஷமாகச் சுற்றுகிறது. பச்சைப் பொய். 1886-ல் அமெரிக்கா போட்ட ஒரு கப்பல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன்படி, வெளிநாட்டுக் கொடி பறக்கிற கப்பல் சியாட்டிலில் ஆளை ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டுச் சியாட்டிலிலேயே இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். இந்தப் பெரிய கப்பல்கள் எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, நெதர்லாந்து போன்ற வெளிநாட்டுக் கொடிகள்தான். அதனால்தான் கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். கொரோனா சமயத்தில் கனடா துறைமுகங்களை மூடியபோது, 2021-ல் அமெரிக்க நாடாளுமன்றம் தற்காலிகமாகத் தனிச் சட்டம் போட்டுத்தான் அலாஸ்கா கப்பல்களை ஓட்ட முடிந்தது. அவ்வளவு கறாரான சட்டம்.

இதில் நம் வீட்டுக்கு என்ன என்றால், கிரீன் கார்டு வைத்திருக்கிற மகனுக்குக் கனடா விசா தேவையில்லை. அமெரிக்க விசிட்டர் விசாவில் போயிருக்கிற அப்பா அம்மாவுக்குத் தேவை. மகன் தனக்கு வேண்டாம் என்பதால் பெற்றோருக்கும் வேண்டாம் என்று நினைத்து டிக்கெட் போட்டுவிடுவார். துறைமுகத்தில் செக்-இன் செய்யும்போதுதான் விஷயம் வெடிக்கும். ஏறவிடாவிட்டால் பணம் திரும்பி வராது. இங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே இரண்டு விசாவையும் வாங்கிவிடுங்கள்.

ஆக, எங்கே ஏறினாலும் இரண்டு விசா வேண்டும். பிறகு எதற்குச் சியாட்டில்? விமான டிக்கெட் மலிவு, அங்கேயே வீடு இருந்தால் காரில் போய் ஏறலாம். சரி, நியாயம். ஆனால் சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவின் மேற்கே, திறந்த பசிபிக் கடல் வழியாகப் போகும். வான்கூவரில் கிளம்பும் கப்பல் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் காடும் மலையுமாக, அலை அடங்கின உள்வழியில் போகும். "இன்சைட் பாசேஜ்" என்று விளம்பரத்தில் போடுவது இதைத்தான். முழங்கால் வலியும் தலைசுற்றலும் உள்ள அம்மாவை எந்த வழியில் அழைத்துப் போவீர்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"பெரிய கப்பல்னாதான் குழந்தைங்களுக்குப் போரடிக்காது." பதினைந்து டிகிரிக் குளிரில், தூறலில், மொட்டைமாடியில் எத்தனை தடவை சறுக்குவார்கள்? கெச்சிகன் ஊரில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கொச்சி மழையே அதற்குக் கீழேதான். மாறாக, கிளேசியர் பேயில் ரேஞ்சர்கள் குழந்தைகளுக்கென்றே தனி நிகழ்ச்சி நடத்துகிறார்கள். வீடு அளவு பனிக்கட்டி உடைந்து கடலில் விழும் சத்தத்தைக் கேட்ட குழந்தைக்குச் சறுக்குமரம் ஞாபகம் வருமா?

"பெரிய கப்பல் ஆடாது, டாக்டர் இருப்பாங்க, லிஃப்ட் இருக்கும்." இது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2,000 பேர் ஏறுகிற கப்பலிலும் இதெல்லாம் இருக்கிறது. 4,000 பேர் ஏறுகிற கப்பலில் கூடுதலாகக் கிடைப்பது வரிசை. ஜூனோ நகரத்தில் மொத்த ஜனத்தொகையே சுமார் 32,000. கூட்டம் தாங்காமல் 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் மட்டும் என்று வரம்பு வைத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில், சனிக்கிழமைகளில் பெரிய கப்பலே வேண்டாம் என்று ஓட்டெடுப்பு வைக்கிற அளவுக்குப் போனது, தோற்றது. அப்படிப்பட்ட ஊரில் 4,000 பேரோடு ஒரே நேரத்தில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்பது வயதானவர்களுக்கு வசதியா?

"பால்கனி ரூம் இல்லாம அலாஸ்கா எதுக்கு?" பனியாற்றுக்கு முன்னால் கேப்டன் கப்பலை மெதுவாகத் திருப்பி இரண்டு பக்கத்துக்கும் காட்டுவார். மேல்தளம் எல்லோருக்கும் பொது. குளிரில் நிற்க முடியாத பெரியவர்களுக்கு ஜன்னல் ரூம் எடுங்கள், அது நியாயமான செலவு. மற்றவர்களுக்கு, தப்பான வழியில் பால்கனியைவிடச் சரியான வழியில் உள் ரூம் மேல்.

வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் நம்மவர்கள் நார்வே பக்கம் பார்ப்பார்கள். அங்கேயும் இதே கதைதான். 1893-ல் தொடங்கிய ஹூர்டிகுருட்டன் கப்பல் இப்போது பெர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 34 துறைமுகம் தொட்டு ஓடுகிறது. 2021 முதல் ஹாவிலாவும் சேர்ந்து ஓட்டுகிறது. உள்ளூர் ஆளும் சரக்கும் ஏறி இறங்கும் கப்பல். கேசினோ கிடையாது, டான்ஸ் கிடையாது. வேண்டாம் என்பவர்கள் பெரிய க்ரூஸுக்குப் போகட்டும். ஆனால் புதுக் கப்பல், பெரிய பெயர் என்றால் பயமில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். 2017-ல் கட்டிய வைக்கிங் ஸ்கை, 2019 மார்ச்சில் அதே கரையோரம் புயலில் இன்ஜின் நின்று தத்தளித்தது. 1,373 பேரில் நானூறுக்கும் மேற்பட்டவர்களை ஹெலிகாப்டரில் தூக்கி இறக்கினார்கள். குளிர்கடலில் எந்த மாதம் என்பதும் வழியைப் போலவே முக்கியம்.

அண்டார்டிகாவில் இன்னும் பட்டவர்த்தனம். 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் அங்கே யாரையும் கரையில் இறக்காது. இறக்கினாலும் ஒரே இடத்தில் ஒரு நேரத்தில் 100 பேர்தான். பெரிய கப்பலில் போனால் அண்டார்டிகாவைத் தூரத்தில் பார்த்துவிட்டு வரலாம். இதைச் சொல்லாமல் விற்கிற ஏஜெண்ட்டும் உண்டு.

கடைசியாகப் பணம். போட்டிருக்கும் விலை ஆளுக்கு, அதுவும் ஒரு ரூமில் இரண்டு பேர் என்ற கணக்கில். தனியாகப் போகிறவர் கிட்டத்தட்ட இரண்டு பேர் விலை கொடுக்க வேண்டியிருக்கும். டிப்ஸ் என்று தினமும் பிடிப்பார்கள். ஆளுக்கு நாளைக்கு 17 டாலர் என்று வையுங்கள், நாலு பேர், ஏழு ராத்திரி, 476 டாலர். துறைமுக வரி தனி. ரயில், படகு, ஹெலிகாப்டர் தனி. இங்கிருந்து பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறியிருக்கிறது. ஆனால் அது செலவல்ல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். அமெரிக்காவுக்கு எடுத்த விசிட்டர் இன்ஷூரன்ஸ் நடுக்கடலிலும் கனடாவிலும் செல்லுமா என்று பாலிசியைப் படித்துவிடுங்கள். கப்பல் டாக்டர் இலவசம் இல்லை.

ஒரு நல்ல சேதியும் உண்டு. நம் பள்ளிகளுக்கு லீவு விடும் மே மாதம்தான் தென்கிழக்கு அலாஸ்காவில் மழை குறைவான மாதங்களில் ஒன்று. அமெரிக்கப் பள்ளி லீவு தொடங்கவில்லை என்பதால் விலையும் ஜூலையைவிடக் குறைவாக இருக்கும்.

ஆகவே ஏஜெண்ட்டிடம் ஐந்தே கேள்வி. எந்தப் பனியாறு, எத்தனை மணி நேரம்? உள்வழியா, வெளிக்கடலா? ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்கு ஏறணும்? மொத்தம் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? டிப்ஸ், வரி எல்லாம் சேர்த்து நாலு பேருக்குக் கடைசித் தொகை எவ்வளவு?

இதற்குப் பதில் சொல்லாமல் கப்பலின் வீடியோவைப் போட்டுக் காட்டினால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.