லயங்களின் மரபும் தொழிலாளியின் வீடும்

மூணாறு மலைகளில் ஆங்கிலேயத் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் இன்று பாரம்பரியச் சின்னங்களாகப் போற்றப்படுகின்றன. பல, சுற்றுலா விடுதிகளாக வருவாய் ஈட்டுகின்றன. 1902இல் காளைகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908இல் குறுகிய பாதை ரயிலாக மாறி, 1924 பெருவெள்ளத்தில் அழிந்த குண்டளை பள்ளத்தாக்கு ரயிலுக்கும் நினைவுகள் உண்டு. நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதையை அமைத்து, தேயிலையைப் பறித்து, டாப் ஸ்டேஷன் வரை அனுப்பிய தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை வீடுகளை மரபு என்று யாரும் எண்ணுவதில்லை.

மூணாறில் லயம், வயநாட்டிலும் நெல்லியாம்பதியிலும் பாடி, இலங்கையில் லயன் எனப் பெயர் மாறினாலும் வடிவம் ஒன்றே. ஒரே கூரையின் கீழ் நீண்ட வரிசை. குடும்பத்திற்கு ஓர் அறை, ஒரு சமையலிடம், முன்னால் ஒரு சிறு திண்ணை. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த மக்களைக் குறைந்த செலவில் அடைத்து வைக்கவும், விடியலில் ஒரே குரலில் எழுப்பி வேலைக்கு அனுப்பவும் வகுக்கப்பட்ட அமைப்பு இது.

அதே வரிசைகளில்தான் சங்கமும் வளர்ந்தது. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் வரதராஜன் பாடிய பாடல்கள் இந்த மலைகளில்தான் ஒலித்தன. 2015 செப்டம்பரில் போனஸ் வெட்டை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் திரண்ட ‘பெண்கள் ஒற்றுமை’ போராட்டமும் இந்த வீடுகளிலிருந்து புறப்பட்டதே. அப்போது தொழிற்சங்கத் தலைமைகள் மீது அப்பெண்கள் வைத்த விமர்சனமும் இந்த மரபின் பகுதியாகும். அதை இயக்கம் மறந்துவிடலாகாது.

எனினும், மரபு என்ற சொல்லைச் சொல்லித் தொழிலாளியை அதே அறையில் இருத்தி வைக்க எவருக்கும் உரிமையில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் சரிந்த மலை, உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு லயங்களை வாரிச் சென்றது. 70 பேர் மாண்டனர். நால்வரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. தொலைத்தொடர்பு இல்லாததால் செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆயிற்று. பின்னர் குற்றியாறு பகுதியில் எட்டுக் குடும்பங்களுக்கு வீடுகள் கட்டித் தரப்பட்டன. மற்ற எஸ்டேட்டுகளில் சரிவுகளின் அடியில் லயங்கள் இன்னும் நிற்கின்றன.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை முதலாளி மீது சுமத்தியது. அந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என 1981 திருத்தம் கூறியது. ஆனால் ‘இயற்கைப் பேரிடர்’ என்றால் விலக்கு உண்டு. மலைச்சரிவில் வீட்டைக் கட்டிவிட்டு, சரிந்ததும் இயற்கையைக் காட்ட இந்த விலக்கு வழிவிடுகிறது. 2020இல் ஒன்றிய அரசு நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் இந்தப் பழைய சட்டத்தைத் தமக்குள் கரைத்துவிட்ட நிலையில், இருக்கும் பாதுகாப்பையும் காப்பது தொழிற்சங்கங்களின் உடனடிப் பணியாகிறது.

லயத்தின் மிகப்பெரிய கொடுமை அதன் பழமையில் இல்லை. வீடு வேலையோடு பிணைக்கப்பட்டிருப்பதில் இருக்கிறது. மூன்று தலைமுறை உழைத்தவரும் ஓய்வு பெற்றதும், குடும்பத்தில் வேறொருவர் தோட்டத்தில் வேலைக்குச் சேராவிட்டால், அறையைக் காலி செய்ய வேண்டும். வெளியேற்றத்தின் அச்சமே இளைய தலைமுறையைத் தோட்டத்தில் கட்டிப்போடுகிறது.

எனவே கோரிக்கையின் வரிசை தெளிவாக இருக்க வேண்டும். முதலில், பாதுகாப்பான நிலத்தில், தொழிலாளியின் பெயரில் பட்டாவுடன் வீடு. அதன் பின், காலியாகும் லயங்களில் உறுதியாக உள்ள ஒன்றிரண்டைத் தொழிலாளர் வரலாற்று நிலையங்களாகக் காத்தல். இலங்கையில் கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கப்பட்டுள்ளன. அங்கே இயந்திரங்களைவிட, அவற்றை இயக்கிய மனிதர்களின் பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களுமே முதன்மை பெறுகின்றன.

கேரளத்தில் இத்தகைய நிலையம் அமையுமானால், அதைத் தோட்டக் கம்பெனியின் கையிலோ சுற்றுலா வணிகரின் கையிலோ ஒப்படைக்கக் கூடாது. எந்தச் சுவரைக் காப்பது, எந்தப் பெயரைப் பொறிப்பது என்பதைத் தொழிலாளர்களும் அவர்தம் சங்கங்களும் தீர்மானிக்க வேண்டும். பெட்டிமுடியில் மாண்ட 70 பேரின் பெயர்கள் அங்கே முதலில் இடம்பெறட்டும்.