பெயருக்கு முன்னே அளவுகோல்

தமிழ்நாட்டின் விளையாட்டு மேம்பாட்டுத் துறையை நிர்வகிக்கும் மாண்புமிகு அமைச்சர் அவர்கள் சமுகத்துக்கு, தருமபுரி மாவட்டத்துக் கால்பந்து ரசிகன் ஒருவன் வணக்கத்தோடு எழுதும் திறந்த மடல்.

ஐயா,

கால்பந்து என்றதும் எவருக்கும் தருமபுரியின் ஞாபகம் வருவதில்லை என்பதை நான் நன்கறிவேன். 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சேலம் ஜில்லாவினின்றும் பிரிந்து தனி மாவட்டமான காலந்தொட்டு, எங்கள் ஊர் ஒகேனக்கல் அருவிக்கும் புளிக்கும் பேர் பெற்றதேயன்றிப் பந்தாட்டத்துக்குப் பேர் பெற்றதில்லை. ஆயினும், ஆடுகிறவர் குறைந்த இடத்திலும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர் குறைவதில்லை என்னும் உலக நியதிக்கு நாங்களும் விலக்கல்லர். மாலை வெயில் தாழ்ந்தபின் பள்ளி மைதானத்து ஓரத்திலே பையன்களும் பெரியவர்களுமாகக் கூடி, தமிழ்நாட்டுக் கால்பந்துக்கென்று ஒரு புகழ்மண்டபம் எழுமானால் அதில் யார் படம் முதலில் மாட்டப்பட வேண்டும் என்று தொடங்கிவிட்டால், தெருவிளக்கு எரிந்து வெகுநேரம் ஆனபிறகும் அந்த விவாதம் ஓய்வதில்லை. அத்தகைய மண்டபம் ஒன்றைச் சென்னை நேரு விளையாட்டரங்கிலேனும் வேறு தக்க இடத்திலேனும் அரசாங்கமே அமைக்க வேண்டும் என்று விண்ணப்பித்துக்கொள்வதும், அதைவிட முக்கியமாக, அதில் எவருடைய பெயரையும் பொறிப்பதற்கு முன்னால் எந்த அளவுகோலைக்கொண்டு பொறிக்கப்போகிறோம் என்பதை ஜனங்களுக்கு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று வற்புறுத்துவதுமே இம்மடலின் நோக்கம்.

எங்கள் இளைஞர்கள், 2014-இல் தோன்றிய சென்னையின் எஃப்.சி. அணியை விட்டு அப்பால் ஓர் அடியும் வைக்கமாட்டார்கள். 2015-இல் கோவாவிலும் 2018-இல் பெங்களூரிலும் அந்த அணி இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றதை அவர்கள் நேற்று நடந்ததுபோல் வருணிப்பார்கள். அதிலும், தருமபுரியிலிருந்து சென்னையைவிடப் பெங்களூரு கிட்டத்தில் இருப்பதாலோ என்னவோ, 2018 மார்ச் 17-ஆம் தேதி கண்டீரவா மைதானத்தில் நடந்த இறுதியாட்டம் அவர்களுக்கு ஏறக்குறைய உள்ளூர்ச் சமாசாரம். ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி தலையால் முட்டிப் பெங்களூருக்கு கோல் அடித்து அரங்கத்தை அதிரவைத்தபின், பிரேசில் தேசத்துப் பின்களத் தடுப்பாட்டக்காரரான மெய்ல்சன் ஆல்வெஸ், கார்னரிலிருந்து வந்த பந்துக்கு எல்லோரையும் மீறி எழும்பி, பதினேழாவது நிமிஷத்தில் ஒன்றும் இடைவேளைக்குச் சற்று முன்னர் மற்றொன்றுமாக இரண்டு கோல்களைத் தலையாலேயே அடித்ததும், அறுபத்தேழாவது நிமிஷத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைச் சேர்த்ததும், முடிவில் மூன்றுக்கு இரண்டு என்று கோப்பை நம் பக்கம் வந்ததும் அவர்கள் நாவில் மந்திரம்போல் நிற்கின்றன. ஆகவே, மெய்ல்சன் முதலில். மிசோரத்திலிருந்து வந்து பல பருவங்கள் இந்த அணிக்கு ஆடிய ஜேஜே அடுத்து. வியாசர்பாடியில் பந்து பழகிய தனபால் கணேஷ் அதற்கடுத்து என்று அவர்கள் வரிசை போகும்.

பெரியவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். தமிழ் பேசத் தெரியாத ஒருவர் நம் மண்டபத்தில் முதற்படமாகத் தொங்குவதா என்பது அவர்கள் வாதம். பீட்டர் தங்கராஜ் எங்கே, சைமன் சுந்தர்ராஜ் எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். 1997-98 தேசிய லீகில் மற்றெவரையும்விட அதிகமாகப் பத்து கோல்கள் அடித்த ராமன் விஜயனை மறந்தீர்களா என்பார்கள். இளைஞர்களும் சளைத்தவர்களல்லர். தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத்தில் அல்லவா, ராமன் விஜயன் அந்தப் பத்து கோல்களையும் அடித்தது எஃப்.சி. கொச்சினுக்காக அல்லவா, அவையெல்லாம் எப்படித் தமிழ்நாட்டின் கீர்த்தியாகும் என்று திருப்பிக் கேட்பார்கள்.

இவ்விவாதத்தை வீண்பேச்சு என்று தள்ளிவிடத் தாங்கள் எண்ணலாகாது. பிறந்த மண் பெரிதா, உடுத்த சட்டை பெரிதா என்னும் இக்கேள்விக்கு விடை காணாமல் எழுப்பப்படும் மண்டபம் எதுவாயினும், திறப்புவிழா முடிந்த மறுநாளே பழிக்கு ஆளாகும். தங்கராஜின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். ஹைதராபாத்தில் பிறந்த அவர் பட்டாளத்தில் சேர்ந்து, நம் நீலகிரியிலே வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் சென்டருக்காக ஆடிப் பேர் பெற்றார். அந்தப் படைப்பிரிவு 1955-லும் 1958-லும் டூராண்டு கோப்பையை வென்றது. மெல்போர்னிலும் ரோமாபுரியிலும் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற அவர், 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா வென்று தங்கம் பெற்ற அன்று கோல்முனையில் நின்றவர். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றவர். இவரை ஜன்ம பூமியைக்கொண்டு கணக்கிட்டால் நம்மவரல்லர். ஆடிய களத்தைக்கொண்டு கணக்கிட்டால் நம்மவரே. சாரங்கபாணி ராமனின் நிலையோ இதற்கு நேர்மாறு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக, சுதந்தர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த அவருடைய பெயரைக் கேட்டதும் நம்மவர் என்று நெஞ்சு பூரிக்கிறது. ஆனால் அவர் ஆடியது மைசூர் அணிக்கு. பெயரின் ஓசையை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு அண்டை மாநிலத்தாரின் பெருமையை நாம் சுவீகரித்துக்கொள்வது நியாயமாகுமா?

தென்னாட்டு ஆட்டக்காரர்களைப் பிற ஊரார் எப்படி மதித்தார்கள் என்பதற்குக் கல்கத்தாவே சாட்சி. 1949 முதல் 1951 வரை ஈஸ்ட் பெங்கால் கழகம் மூன்றாண்டு தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற காலத்தில், அதன் முன்வரிசையில் நின்ற வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டிலிருந்து சென்றவர்கள். அந்த ஊர் ஜனங்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றே கொண்டாடினார்கள். எங்கிருந்து வந்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களுக்காக என்ன செய்தாய் என்று கேட்டார்கள். மோகன் பகான் கழகமும், 1911-இல் தான் பெற்ற சரித்திர வெற்றியின் நினைவாக ஜூலை 29-ஆம் தேதியைக் கொண்டாடி, 2001 முதல் அன்று தன் முன்னாள் மகான்களுக்கு ரத்னா விருது அளித்துவருகிறது. இங்கிலாந்தில் 2002-இல் ஏற்பட்ட கால்பந்துப் புகழ்மண்டபத்தின் முதற்பட்டியலிலேயே பிரெஞ்சுக்காரரான எரிக் காண்டோனா இடம்பெற்றார். அந்நாட்டுக் களத்தில் சில ஆண்டுகளேனும் ஆடியிருக்க வேண்டும் என்பதே அங்குள்ள நிபந்தனை. இந்த முறையையே நாமும் கைக்கொள்ளலாம்: தமிழ்நாட்டின் அணி எதற்கேனும் இத்தனை ஆண்டு ஆடியவர், அல்லது தமிழ்நாட்டுக் களத்தில் வளர்ந்து தேசத்துக்காக ஆடியவர், எந்த மண்ணில் பிறந்தவராயினும் தகுதியுடையவர் என்று ஒரு வரியில் விதி செய்துவிட்டால் மெய்ல்சனுக்கும் கதவு திறக்கும், தங்கராஜுக்கும் திறக்கும்.

அடுத்தது, வென்றவர்க்கு மட்டுமே இடமா என்னும் கேள்வி. நம் ஆடவர் அணி சந்தோஷ் கோப்பையை ஒருமுறையும் வென்றதில்லை. 2012-இல் ஒடிசாவில் இறுதியாட்டம் வரை சென்று சர்வீசஸ் அணியிடம் தோற்றுத் திரும்பியது. கோப்பையை மாத்திரம் எண்ணினால் பல தலைமுறை ஆட்டக்காரர்கள் ஒரே கோட்டில் அடிபட்டுப் போவார்கள். இவ்விடத்திலேதான் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்லும் பாத்தியதை உண்டென்று கருதுகிறேன்.

தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்துக்குத் தாங்கள் எழுந்தருளினால், இவ்வட்டாரத்து வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் கிடைத்த நடுகற்கள் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அண்டையிலுள்ள செங்கம் பகுதியும் இத்தகைய கற்களுக்குப் பேர்போனது. கையில் ஆயுதம் ஏந்தியவனாக வீரன் நிற்க, அவன் தலைக்குமேல் வட்டெழுத்தில் சில வரிகள் வெட்டப்பட்டிருக்கும். எந்த அரசனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்த ஊர்த் தொறுவை, அதாவது ஆநிரையை, மீட்கப் போய்ப் பட்டான் என்ற விவரங்கள் சுருக்கமாக அதில் இருக்கும்; அடைமொழிகள் மிகச் சொற்பம். அந்தக் கற்களில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அன்றைய பூசலில் உயிர் பிழைத்துத் திரும்பாதவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெற்றி எவர் பக்கம் என்று கல் நடுகிறவர்கள் பார்க்கவில்லை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரிலே, மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாயும் இடம்பெற்றிருக்கிறது. கோவிவன் என்னும் அதன் பெயரும், கள்ளனைக் கடித்து நின்ற அதன் செயலும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. செயல் என்று ஒன்று இருந்தால் நாய்க்கும் கல்லில் இடம் உண்டு என்று நினைத்த ஜனங்களின் வாரிசுகள் நாம். தொல்காப்பியம் நடுகல்லுக்கு வகுக்கும் முறையில், கல்லைத் தேடிக் காண்பது முதற்படி. வாழ்த்துவது ஆறாவது, கடைசிப் படி. நம் காலத்து விழாக்களிலோ வாழ்த்துரையிலேயே தொடங்கி வாழ்த்துரையிலேயே முடித்துவிடுகிறோம். இடையில் கல்லைத் தேடுகிறவர் எவருமில்லை.

இந்த நோக்கோடு பார்த்தால், மைதானத்து விவாதத்தில் போதிய இடம் பெறாத சிலருடைய பெயர்கள் தாமாகவே முன்னுக்கு வரும். 1960 ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தர்ராஜ், 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளராக இருந்தவர். ஆட்டத்தோடு போதனையையும் கணக்கில் சேர்த்தாலன்றி அவர் போன்றோரின் முழு உருவம் தெரியாது. பெண்களின் நிலை இன்னும் தெளிவானது. ஆடவர் ஒருமுறையும் எட்டாத தேசியப் பட்டத்தை நம் பெண்கள் 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரையும், 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவையும் இறுதியாட்டங்களில் வீழ்த்தி இருமுறை கொண்டுவந்தார்கள். 2019-இல் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீகை வென்றது. கடலூரில் வளர்ந்த இந்துமதி கதிரேசனைப் பற்றி எங்கள் மைதானத்தில் பேச்செடுத்தால் ஒருவரும் மறுப்பதில்லை. ஆனால் தாமாக ஒருவரும் பேச்செடுப்பதும் இல்லை. இங்கிலாந்தில் 1921-இல் பெண்கள் ஆட்டத்தைத் தங்கள் மைதானங்களிலிருந்தே விலக்கிவைத்த சங்கத்தார் அத்தடையை நீக்க அரைநூற்றாண்டு ஆயிற்று. அத்தடைக்காலத்தில் ஆடிய லில்லி பார் என்னும் அம்மையாரைத் தங்கள் புகழ்மண்டபத்தின் முதற்பட்டியலிலேயே சேர்த்து, அந்நாட்டார் ஓரளவு பிராயச்சித்தம் செய்துகொண்டார்கள். நாம் அத்தகைய பிராயச்சித்தத்துக்கு இடம் வையாமல் முதற்பட்டியலிலேயே நீதி செய்துவிடலாம்.

எனவே, ஐயா, அரசாணை ஒன்றில் அடங்கக்கூடிய சில விண்ணப்பங்களைத் தங்கள்முன் வைக்கிறேன். ஆட்டத்திலிருந்து விலகி ஐந்தாண்டுகளேனும் கழிந்த பின்னரே ஒருவரைப் பரிசீலிக்க வேண்டும். அமெரிக்கப் பேஸ்பால் மண்டபத்தில் அவ்விதி இருப்பது, கைதட்டலின் ஓசை அடங்கிய பிறகே செயலின் எடை தெரியும் என்பதற்காகத்தான். ஆண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையை வரையறுத்து, அதற்குள் தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் பெண்களுக்கும் பயிற்சியாளருக்கும் நிச்சயமான இடம் ஒதுக்க வேண்டும். தெரிவு செய்யும் குழுவில் சென்னையின் சங்கப் பிரமுகர்கள் மாத்திரம் அமராமல், மாவட்டங்களின் உடற்கல்வி ஆசிரியர்களும் முன்னாள் நடுவர்களும் பத்திரிகையாளர்களும் அமர வேண்டும். பதவியிலிருப்போர், நன்கொடையளிப்போர் ஆகியோரின் பெயர்கள் அந்தச் சுவரில் ஏறலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிவான ஒவ்வொருவருக்கும் எதற்காக அந்தக் கௌரவம் என்பதை இரண்டு வரியில் எழுதிப் படத்தின் கீழே பொறிக்க வேண்டும். இரண்டு வரியில் எழுத முடியாத புகழ் ஆராயத்தக்க புகழ் என்றே கொள்ள வேண்டும்.

ஜனநாயக நாட்டில் ரசிகர்களிடமே வாக்குக் கேட்டுவிடலாமே என்று தங்கள் அதிகாரிகளில் யாரேனும் யோசனை கூறலாம். தொலைபேசி வாக்கு நேற்றைய கோலையும் இன்றைய விளம்பரத்தையும் அறியுமேயன்றி, படமே எடுக்கப்படாத காலத்தின் ஆட்டத்தை அறியாது. அன்றியும், கூட்டம் மிகுந்த நகரத்தின் விருப்பமே மாநிலத்தின் விருப்பமாகத் தோன்றிவிடும். ரசிகர்களிடம் வாக்குக்குப் பதிலாக ஆதாரத்தைக் கேளுங்கள். பழைய பத்திரிகை நறுக்கு, ஆட்டச் சீட்டு, உடன் ஆடியவரின் சாட்சியம் முதலியவற்றை இணைத்து எவரும் ஒரு பெயரை முன்மொழியலாம் என்று அறிவித்துவிட்டால், பெட்டியின் அடியில் உறங்கும் எத்தனையோ ஆவணங்கள் ஆறு மாத காலத்தில் தங்கள் துறைக்கு வந்து சேரும்.

மண்டபம் கட்டும் பணத்தில் மைதானம் அமைக்கலாமே என்ற ஆட்சேபமும் எழக்கூடும். இரண்டில் ஒன்றுதான் சாத்தியம் என்று தாங்கள் சொன்னால், முதலில் மைதானத்தையே தாருங்கள் என்று நானும் கைகூப்புவேன். ஆனால் நான் விரும்பும் மண்டபத்துக்குப் பளிங்குத் தூண்கள் வேண்டியதில்லை. இருக்கும் அரங்கத்தின் ஒரு நடைவழிச் சுவரும், உண்மை எழுதும் ஒரு குழுவும் போதும்.

விதிகள் வெளியான மறுநாள் எங்கள் ஊர் விவாதம் அடங்கிவிடும் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். அது முன்னிலும் பலமாக நடக்கவே செய்யும். ஆயினும், யார் பெரியவர் என்ற கூச்சல் குறைந்து, யார் என்ன செய்தார் என்ற விசாரணை மிகும். அந்த மாற்றம் ஒன்றுக்காகவேனும், முதற்பெயரை அறிவிக்கும் விழாவுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால், அளவுகோலை அறிவிக்கும் அரசாணைக்குத் தாங்கள் தேதி குறிக்க வேண்டுமென்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பணிவுள்ள,
தருமபுரி மாவட்டத்து ரசிகன் ஒருவன்