வரைபடத்தில் தெரியாத மாரிவெள்ளம்

நகரத்துக் குப்பை நகரத்தில் நிற்பதில்லை. வாவியோரத் திருப்பெருந்துறையில் குப்பை கொட்டுவதை மக்கள் எதிர்த்ததும், ஏறாவூர்ப்பற்றின் கொடுவாமடுவில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு முறைப்படியான குப்பை நிரப்பிடம் அமைந்ததும் வாசகர்கள் அறிந்தவையே. எந்த நிரப்பிடமும் ஒருநாள் நிரம்பும். மீண்டும் இடம் தேடும்போது கண்கள் செங்கலடி – பதுளை வீதியால் மேற்கே திரும்பும். கரடியனாற்றுப் பக்கம் 'வெறுங்காணி' நிறைய உண்டல்லவா!

இடம் தெரிவதற்கு இன்று நல்லதொரு முறை இருக்கின்றது. ஆறு, குளம், வீதி, குடிமனை, மண்வகை, காடு ஆகியவற்றைத் தனித்தனிப் படங்களாக்கிக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கின்றார்கள். விலக்க வேண்டியவை கழிந்து மிச்சம் தெரியும். மிச்சத்தில் எது சிறந்தது என்பதற்கு நிபுணர்களைக் கேட்கின்றார்கள். நிலத்தடி நீர் பெரிதா, வீதி பெரிதா, எத்தனை மடங்கு பெரிது என்று இவ்விரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை புள்ளியிடுவர். தோமஸ் சாட்டி என்பவர் 1970களில் வகுத்த முறை இது. புள்ளிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று பார்க்கவும் கணக்குண்டு. முரண்படாமலே பிழைவிட்டால் அதைப் பிடிக்கத்தான் கணக்கில்லை.

நாம் இம்முறைக்கு எதிரானவர்கள் அல்லர். கண்டபடி கொட்டியதன் விலையை மீதொட்டமுல்லையில் கண்டோம். கொழும்பின் அந்தக் குப்பைமலை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்றே சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. அம்பாறை பள்ளக்காட்டில் யானைகள் குப்பையில் மேய்ந்து பொலித்தீன் தின்று இறந்தன. யானை நடமாடும் நம் பகுதிக்கு அதுவும் ஒரு பாடம்.

நமது கேள்வி, நிபுணர் என்பவர் யார் என்பதே. செய்மதிப் படம் பெரும்பாலும் முகில் இல்லாத கோடையில் எடுத்ததாகவே இருக்கும். ஆவணியில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் வெட்டை மார்கழியில் நீரோடும் வழியாகிவிடும். 2011 தைமாத வெள்ளத்தைக் கண்டவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆறு, மடு, குளம் என்று முடியும் நம் ஊர்ப்பெயர்களே போதிய சாட்சி. அவ்வழியில் குப்பை கிடந்தால் அதன் கசிநீர் வட்டைக்குள் இறங்கி, கடைசியில் வாவியைச் சேரும்.

சரி, வெள்ளம் ஏறாத மேட்டைத் தெரியலாமே என்பர். கணினியும் அதையே காட்டும், பற்றைக்காடு, பயனற்றது என்று. ஆனால் வெள்ளக் காலத்தில் பட்டிக்காரர் மாடுகளைச் சாய்த்துச் செல்வது அந்த மேட்டுக்குத்தான். அது போனால் பட்டி எங்கே போகும்? மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைக்காகப் பண்ணையாளர்கள் 2023இல் வீதியோரம் போராடத் தொடங்கிய மாவட்டம் இது.

சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையை 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைப்பது சட்டம். ஆனால் அதற்குள் இடம் முடிவாகியிருக்கும். எழுவான்கரையின் குப்பைக்குப் படுவான்கரை ஆட்சேபம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். புள்ளியிடும் மேசையிலேயே வட்டவிதானைக்கும், பட்டிக்காரருக்கும், வாவி மீனவருக்கும் கதிரை போடவேண்டும். பொறியியலாளரும் அந்த வரைபடத்தோடு மார்கழியில், உழவு இயந்திரம் புதைகின்ற நாளொன்றில், இங்கு வந்து அவர்களுடன் நடக்கட்டும்.