பிள்ளையின் மாலைப்பொழுது யாருக்குச் சொந்தம்?

கடையிலே நின்று வேலை செய்யும் ஊழியனுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரமொன்றுக்கு 45 மணி நேரம் என்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலைக்கு எல்லை வகுத்தது. வாரந்தோறும் ஒன்றரை நாள் ஓய்வும் அளித்தது. எல்லையைத் தாண்டி வேலை வாங்கும் முதலாளி மேலதிகக் கூலி கொடுத்தே தீரவேண்டும்.

இனி, நம் வீட்டிலே 5ஆம் தரத்தில் படிக்கும் 10 வயதுப் பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை பாடசாலை: 6 மணி நேரம். சோறு தொண்டைக்குள் இறங்கு முன்னே தனியார் வகுப்பு. அது 3 மணி நேரம். விளக்கு வைத்த பின்னர் பயிற்சித்தாளோடு இன்னும் 2 மணி நேரம். ஆக நாளொன்றுக்கு 11. ஐந்து நாளுக்கு 55. சனி, ஞாயிறு காலை வகுப்புகளுக்கு நாளுக்கு 4 மணி நேரம் என்று குறைத்தே கூட்டினாலும் 63 மணி நேரம்! வளர்ந்த ஆளுக்கு ஆகாது என்று சட்டம் தடுத்த சுமையைப் பாலகன் தலையிலே ஏற்றிவிட்டு, அதற்குப் ‘பிள்ளையின் எதிர்காலம்’ என்று பெயரும் சூட்டியிருக்கிறோம். மேலதிகக் கூலி கேட்க அந்தப் பிள்ளைக்குச் சங்கமும் இல்லை.

புலமைப்பரிசில் பரீட்சை ஏழைப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறப்பதற்காக ஏற்பட்டது. 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் காலத்து நோக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. இன்று அந்தக் கதவின் முன்னே நடப்பதைத்தான் பேசுகிறோம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 இலட்சம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். 2023இல் வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். எஞ்சியோர் 10 வயதிலேயே ‘தோற்றவர்’ என்ற பட்டத்தைச் சுமக்கின்றனர். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையின் வினாக்கள் சில முன்கூட்டியே வெளியாகி, அவ்விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மூன்று வினாக்களுக்கு எல்லோருக்கும் முழுப் புள்ளி என்று முடிந்தது. பாலர் எழுதும் பரீட்சைக்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் கூட வேண்டியிருந்ததென்றால், இது பிள்ளைகளின் போட்டியா, பெற்றோரின் போட்டியா?

‘விளையாடி என்ன கண்டாய்?’ என்று அதட்டும் தந்தையரைக் கேட்கிறோம்: நீங்கள் கிளித்தட்டு ஆடியதில்லையா? கோட்டை விட்டுக் கால் எடுக்காமல் மறிப்பவன் ஒழுங்கைக் கற்றான். மறிப்பவன் கண் அயரும் நொடியைக் கணித்து நுழைந்தவன் துணிவைக் கற்றான். ‘தொட்டான்’, ‘தொடவில்லை’ என்று வழக்கு எழுந்தால், நடுவரும் இல்லாமல் சாட்சிக்கூண்டும் இல்லாமல், ஆடியவர்களே பேசித் தீர்த்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். (இதே வழக்கு நம்மைப் போன்ற சட்டத்தரணிகளின் கையில் வந்திருந்தால் ஐந்து ஆண்டு தவணை போயிருக்கும்.) வளவின் மூலையிலே கொக்கான் வெட்டிய சிறுமி கற்ற கைநிதானத்தை எந்தப் பயிற்சித்தாள் கொடுக்கும்? 1991இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை ஓய்வையும் விளையாட்டையும் பிள்ளையின் உரிமை என்றே கூறுகிறது. உரிமையைச் சலுகையாக்கி, ‘90 புள்ளி எடுத்தால் விளையாட விடுவேன்’ என்று பேரம் பேசுகிறோம்!

நாம் உழைப்புக்கு எதிரிகள் அல்லோம். விளையாட்டோடு வேலையையும் பிள்ளையிடமிருந்து பறித்துவிட்டோம் என்பதே நமது குற்றச்சாட்டு. முற்றம் கூட்டவும், ஆட்டுக்குக் குழை போடவும், தான் உண்ட கோப்பையைக் கழுவவும் சொன்னால், ‘பிள்ளைக்குப் படிப்பிருக்கிறது’ என்று தாய் குறுக்கே நிற்கிறாள். முடித்த வேலையைக் கண்ணால் கண்டு மகிழ்ந்தறியாத பிள்ளைக்கு உழைப்பின் அருமை எப்படித் தெரியும்? படிப்பு முடிவற்றது, அதிலே ‘முடிந்தது, இனி ஓடு’ என்ற சொல்லே வருவதில்லை. கூட்டிய முற்றத்தில் அந்தச் சொல் உண்டு.

இங்கேயும் ஓர் அநீதி புகுந்திருக்கிறது. கோப்பை கழுவுவதற்கு அண்ணனை விட்டுத் தங்கையையே அழைக்கிறோம். அவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்குகிறான். அவள் பருவமடைந்த நாளோடு விளையாட்டுக்குக் கதவடைப்பு. வேலை ஒரு பிள்ளைக்கு, விளையாட்டு மறு பிள்ளைக்கு என்று பாகம் பிரித்துவிட்டு அளவறிந்து வாழக் கற்பிப்பது எங்ஙனம்? இரண்டையும் இருவருக்கும் பகிருங்கள்.

மலையகத்துத் தோட்டங்களில் நிலைமை வேறு. கொழுந்தெடுக்கப் போன தாய் திரும்பும்வரை தம்பியைத் தூக்கி வைத்திருக்கும் சிறுமிக்கு வேலையின் அருமையை எவரும் போதிக்கத் தேவையில்லை. அவளுக்கு வேண்டியது விளையாட ஒரு மணி நேரம். அதற்கு ஒரு துண்டு சமதரை. வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இல் 16 ஆக உயர்த்தப்பட்டது நல்லதே. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் வேலையை அச்சட்டத்தின் கண் எட்டாது.

பரீட்சை மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாலை 4 மணி முதல் 6 மணி வரை பிள்ளையின் பொழுது என்று ஓர் ஊரின் பெற்றோர் ஒன்றுகூடித் தீர்மானித்தால், எந்த வகுப்பு அந்நேரத்தில் நடக்கும்? ஒருவர் மட்டும் நிறுத்தினால் அடுத்த வீட்டுப் பிள்ளை முந்திவிடும் என்ற அச்சம் உண்மையே. அதனாலேயே ஊராகத் தீர்மானிக்கச் சொல்கிறோம். மாதர் சங்கம் உண்டு, சனசமூக நிலையம் உண்டு. கோயில் திருவிழாவுக்குக் கூடுகிறவர்கள் இதற்கும் ஒருநாள் கூடலாம்.

2025 மே மாதம் வாக்குக் கேட்டு நம் படலைக்கு வந்த பிரதேச சபை உறுப்பினர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வட்டாரத்தில் பிள்ளைகள் ஓடியாடப் பொது நிலம் எத்தனை பரப்பு இருக்கிறது? அதில் பற்றை மண்டிக் கிடப்பது எவ்வளவு? அடுத்த கூட்டத்திலே எழுந்து இந்தக் கணக்கைச் சபைக்குச் சொல்லுங்கள்.