கப்பல் சரக்குச் சட்டங்கள்: ஆண்டு மாறியது, சுமை மாறவில்லை

புது தில்லி: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்காலத்தில், 1856-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சரக்கேற்று ரசீதுச் சட்டத்துக்கும், 1925-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் மாற்றாக 2025-இல் நாடாளுமன்றம் இரு புதிய சட்டங்களை நிறைவேற்றியது. காலனி ஆட்சியின் எச்சங்கள் களையப்பட்டுவிட்டதாக மத்திய அரசு கூறுகிறது. ஆனால், கடலில் சரக்கு சேதமடைந்தால் இழப்பை ஏற்பது யார் என்ற அடிப்படைக் கேள்விக்குப் பழைய சட்டம் அளித்த விடையையே புதிய சட்டமும் அளிக்கிறது.

மாநிலங்களவை முதல் மசோதாவை மழைக்காலக் கூட்டத்தொடரின் தொடக்க நாளான ஜூலை 21-ஆம் தேதி நிறைவேற்றியது. இரண்டாவது மசோதா, பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சிகள் முழக்கமிட்டுக் கொண்டிருந்த ஆகஸ்ட் 6-ஆம் தேதி குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நாட்டின் அயல்நாட்டு வணிகத்தில் எடையளவில் சுமார் 95 சதவீதம் கடல்வழியே நடைபெறும் நிலையில், அந்தச் சரக்கின் பொறுப்பை வரையறுக்கும் சட்டத்துக்குக் கிடைத்த கவனம் இவ்வளவுதான்.

ரசீது அல்ல, உரிமைப் பத்திரம்

'பில் ஆஃப் லேடிங்' எனப்படும் சரக்கேற்று ரசீது மூன்று பணிகளைச் செய்கிறது. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் அத்தாட்சி அது. போக்குவரத்து ஒப்பந்தத்துக்கு ஆதாரமும் அதுவே. எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கையில் வைத்திருப்பவரே சரக்குக்கு உரிமை கோரலாம். சரக்கு நடுக்கடலில் மிதந்து கொண்டிருக்கும்போதே அது கைமாற முடிவதும், அதை ஈடாகக் கொண்டு வங்கிகள் கடன் வழங்குவதும் இதனால்தான். ரசீது கைமாறும்போது, வழக்குத் தொடுக்கும் உரிமையும் அதனுடன் செல்லும் என்பதை உறுதி செய்ததே 1856-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றே பிரிவுகள் கொண்ட அதன் உள்ளடக்கம் புதிய சட்டத்தில் எளிய நடையில் திரும்ப எழுதப்பட்டுள்ளது. அதன் மூலமான பிரிட்டிஷ் சட்டத்தை 1992-இலேயே கைவிட்ட பிரிட்டன், 2023-இல் மின்னணு ரசீதுகளுக்கும் சட்ட அங்கீகாரம் வழங்கிவிட்டது. நமது புதிய சட்டத்தில் மின்னணு ரசீது பற்றி வெளிப்படையான விதி இல்லை.

நூற்றாண்டுச் சமரசம்

1925-ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கு முந்தைய ஆண்டில் உருவான ஹேக் விதிகளைத் தழுவியது. கப்பல் அதிபர்களுக்கும் சரக்குடையோருக்கும் இடையே எட்டப்பட்ட சமரசம் அது. பயணம் தொடங்கும் முன் கப்பலைக் கடற்பயணத்துக்குத் தகுதியுள்ளதாக்க உரிய முயற்சி செய்ய வேண்டும். சரக்கை முறையாக ஏற்றி, பாதுகாத்து, இறக்க வேண்டும். இவை கப்பல் நிறுவனத்தின் கடமைகள். சரக்கின் எண்ணிக்கை, எடை, அடையாளக் குறிகள் சரியானவை என்பதற்கு அனுப்புநரே பொறுப்பு.

ஆனால், கப்பலைச் செலுத்துவதில் மாலுமிகள் தவறிழைத்து அதனால் சரக்கு அழிந்தாலும், கப்பல் நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை. 1978-இல் உருவான ஹாம்பர்க் விதிகள் இந்த விலக்கை நீக்கின. 2008-இல் உருவான ராட்டர்டாம் விதிகளும் அவ்வாறே செய்தன. இந்தியா இரண்டிலும் சேரவில்லை. புதிய சட்டத்திலும் அந்த விலக்கு நீடிக்கிறது.

இழப்பீட்டுக்கும் உச்சவரம்பு உண்டு. சர்வதேச நிதியத்தின் எஸ்.டி.ஆர். எனும் கணக்கு அலகில், சிப்பம் ஒன்றுக்கு 666.67 அல்லது கிலோவுக்கு 2, இவற்றில் எது அதிகமோ அது. திருப்பூரிலிருந்து தூத்துக்குடி வழியே செல்லும் ஒரு கொள்கலனில் தலா 20 கிலோ எடையுள்ள 400 பெட்டி பின்னலாடைகள் இருப்பதாகக் கொள்வோம். ரசீதில் '400 பெட்டிகள்' என்று குறிக்கப்பட்டிருந்தால் உச்சவரம்பு ஏறத்தாழ 2,66,668 எஸ்.டி.ஆர். 'ஒரு கொள்கலன்' என்று மட்டும் இருந்தால் வெறும் 16,000. ஒரு வரியில் நேரும் கவனக்குறைவு சிறு ஏற்றுமதியாளரைக் கடனாளியாக்கிவிடக் கூடும். வழக்குத் தொடுக்கவும் பொதுவாக ஓராண்டே அவகாசம்.

இறக்குமதியாளருக்கு இடமில்லை

இச்சட்டம் இந்தியத் துறைமுகங்களிலிருந்து புறப்படும் சரக்குகளுக்கு மட்டுமே பொருந்தும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முந்திரி மூட்டைகள் குறைந்தது தொடர்பாகக் கொல்லத்து நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், இறக்குமதிக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்துச் சட்டமும் அந்நாட்டு நீதிமன்றமுமே பொருந்தும் என ரசீதில் அச்சிடப்பட்டிருந்த நிபந்தனை கப்பல் தரப்புக்குக் கைகொடுத்தது. 35 ஆண்டுகளுக்குப் பின் சட்டத்தை மாற்றியபோதும் இந்த எல்லை விரிவாக்கப்படவில்லை.

நாட்டின் சரக்கில் பெரும்பகுதியைச் சுமப்பவை அன்னியக் கொடிக் கப்பல்களே. ஆகவே இந்தியா முதன்மையாகச் சரக்குடைய நாடு, கப்பலுடைய நாடு அல்ல. அப்படியிருக்க, கப்பல் அதிபர்களுக்குச் சாதகமான விலக்குகளை நீட்டிப்பது யாருடைய நலனுக்காக என்பதை அரசு விளக்கியிருக்க வேண்டும். கடுமையான விதிகளால் கப்பல் கட்டணமும் காப்பீட்டுச் செலவும் உயரும் என்ற வாதத்தை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த வாதம் அவையில் முன்வைக்கப்பட்டு, எடைபோடப்பட்டிருக்க வேண்டும்.

பொறுப்புகளை வரையறுக்கும் அட்டவணையை அறிவிக்கை மூலம் திருத்தும் அதிகாரத்தையும் புதிய சட்டம் மத்திய அரசுக்கு அளிக்கிறது. சர்வதேச உடன்பாடுகளுக்கு ஏற்ப விரைந்து செயல்பட இது உதவும் என்பது அரசின் நியாயம். ஆயினும் சட்டத்தின் உயிர்நாடியே அந்த அட்டவணைதான். நூற்றாண்டுக்கு ஒருமுறை வாய்த்த விவாத வாய்ப்பை நழுவவிட்ட நாடாளுமன்றம், அடுத்த மாற்றத்தை அமைச்சகத்தின் கையில் ஒப்படைத்திருக்கிறது. அந்த அதிகாரம் சரக்குடையோரின் பக்கம் தராசைத் திருப்பப் பயன்படுமா என்பதே இனி கவனிக்கப்பட வேண்டியது.