களைச்சுப்போனன் எண்டு சொன்ன பெடியன்



இந்த மாதம் வாடகைப் போராட்டம் பற்றியோ மாணவர் கட்டணம் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எழுதப்போவது ஒரு அமெரிக்கன் புட்போல் வீரனைப் பற்றி. கோடீஸ்வரன். அப்போது 22 வயது. கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ.

2024 ஒக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியும் ஹியூஸ்டன் டெக்சன்ஸ் அணியும் மோதுகின்றன. கோல்ட்ஸின் குவார்ட்டர்பேக் அன்தனி ரிச்சர்ட்சன். ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா, கொடுப்பதா, தானே ஓடுவதா என்று ஓரிரு விநாடிக்குள் முடிவெடுப்பவர்தான் குவார்ட்டர்பேக். மூன்றாவது கால்பகுதியில் ரிச்சர்ட்சன் துரத்தியவர்களிடமிருந்து வளைந்து வளைந்து ஓடி, கடைசியில் விழுத்தப்பட்டார். எழும்பி, தலைக்கவசத்தைத் தட்டிக் காட்டிவிட்டு வெளியே போனார். ஒரே ஒரு நகர்வுக்குத்தான். பிறகு திரும்பி வந்து ஆட்டத்தை முடித்தார். கோல்ட்ஸ் 23–20 என்று தோற்றது.

ஏன் வெளியே போனீர்கள் என்று பிறகு கேட்டார்கள். கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருக்கலாம். தலைக்கவசம் கழன்றது என்று சொல்லியிருக்கலாம். அவர் உண்மையைச் சொன்னார். களைத்துப்போனேன், ஒரு நகர்வு மூச்சு வாங்கத் தேவைப்பட்டது என்றார்.

இரண்டு நாளில் அவருடைய இடம் போனது. 39 வயது ஜோ ஃபிளாக்கோ தொடக்க ஆட்டக்காரர் ஆனார்.

அந்த ஆட்டத்தை நான் ஸ்காபரோவில் சித்தப்பா வீட்டில் இருந்து பார்த்தேன். சித்தப்பாவுக்கு இந்த விளையாட்டின் விதிகள் முக்கால்வாசி தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் டிவி ஓட வேண்டும். செய்தி வந்ததும் அவர் சொன்னது: "இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு களைப்பாம். நாங்கள் ரெண்டு ஷிஃப்ட் அடிச்சனாங்கள், ஒருநாள் வாய் திறந்தமா?"

நானும் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். அவர் வாய் திறக்காததற்குக் காரணம் களைக்காதது இல்லையே. ஏஜென்சி வேலை. களைப்பு என்று சொன்னால் அடுத்த நாள் போன் வராது. அதுதான் காரணம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரிச்சர்ட்சன் அன்று மோசமாகத்தான் ஆடினார். எறிந்த 32 பந்தில் 10தான் உரியவர் கையில் போய்ச் சேர்ந்தது. அந்த முழுப் பருவத்திலும் பாதிக்கும் குறைவாகத்தான் சேர்ந்தது. இந்த மட்டத்தில் அது மிகக் குறைவு. ஃபிளாக்கோவிடம்தான் வெல்லும் வாய்ப்பு அதிகம் என்பது பயிற்றுநர் ஷேன் ஸ்டைகென் சொன்ன காரணம். அதை நான் மறுக்கவில்லை. ஒரு முதலாளிக்கு மட்டுமல்ல, ஒரு கூட்டுறவு அணிக்கும் யார் ஆடுவது என்று தீர்மானிக்கும் உரிமை வேண்டும். ஆனால் அந்த வாரம் வானொலியும் தொலைக்காட்சியும் பேசியது அந்த 22 எறிதல்களைப் பற்றி இல்லை. களைப்பு என்ற ஒரு சொல்லைப் பற்றி. பெடியனுக்கு மனத்திடம் இல்லை, தலைவனாக இருக்கத் தகுதி இல்லை, உழைப்பு போதாது. அணிக்குள்ளும் அதைக் குறை சொன்னார்கள். எனக்கு நொந்தது அதுதான்.

பின்னணியைப் பாருங்கோ. ரிச்சர்ட்சன் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது மொத்தம் 13 ஆட்டம். அதன் பிறகு வீரர்களை அளந்து பார்க்கும் முகாம். உயரம், நிறை, உள்ளங்கை அகலம், எவ்வளவு உயரம் பாய்கிறார், எவ்வளவு தூரம் தாவுகிறார். நின்ற இடத்திலிருந்து 40.5 அங்குலம் மேலே பாய்ந்தார். எந்தக் குவார்ட்டர்பேக்கும் அந்த முகாமில் அதற்கு முன் அப்படிப் பாய்ந்ததில்லை. அந்த உடம்பைப் பார்த்துத்தான் 2023இல் கோல்ட்ஸ் அவரை நான்காவது ஆளாக எடுத்தது. ஆட்டம் இன்னும் படிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். படிப்பிப்பதற்கு நேரம் கொடுப்பார்கள் என்ற பேச்சோடுதான் எடுத்தார்கள். முதல் பருவத்தில் நாலு ஆட்டத்தோடு தோள் போய், அறுவைச் சிகிச்சை. இரண்டாவது பருவத்தின் நடுவில் பெஞ்ச்.

"எடுத்தது" என்ற சொல்லைக் கவனியுங்கோ. 1936இலிருந்து இந்த லீக்கில் புதிய வீரர் தனக்கு விருப்பமான அணியில் சேர முடியாது. அணிகள் முறை வைத்து ஆட்களைத் தெரிவு செய்யும். தெரிவு செய்த அணியோடு மட்டும்தான் ஒப்பந்தம் பேசலாம். அதிலும் பேசுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. 2010இல் முதலாவதாகத் தெரிவான சாம் பிராட்ஃபோர்டுக்கு 6 வருடத்துக்கு 7 கோடியே 80 இலட்சம் டொலர் ஒப்பந்தம். அடுத்த வருடம் அதே முதலாவது இடத்தில் தெரிவான கேம் நியூட்டனுக்கு 4 வருடத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 20 இலட்சம். இடையில் நடந்தது 2011இன் கூட்டு ஒப்பந்தம். முதலாளிமார் ஆட்டக்காரர்களை வெளியே பூட்டிவைத்துவிட்டுப் பேரம் பேசினார்கள். கடைசியில் புதியவர்களின் சம்பளத்துக்கு ஒரு அளவுகோல் வந்தது. இனி வரப்போகும் பெடியங்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தையில் வாக்கு இல்லை. தொழிற்சங்கங்களில் இதை நாங்கள் வேறு இடங்களிலும் பார்க்கிறோம். மூத்தவர்களைக் காப்பாற்ற, இன்னும் வேலைக்கு வராதவர்களின் சம்பளம் விட்டுக்கொடுக்கப்படும்.

ரிச்சர்ட்சனின் ஒப்பந்தம் 4 வருடத்துக்கு ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம். முழுக்க உத்தரவாதம். ஐயோ பாவம் என்று அழச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்கும் உங்களுக்கும் வாழ்நாள் முழுக்க அவ்வளவு வராது.

என்றாலும் கேள்வி வேறு. அவ்வளவு காசும் புகழும் இருக்கிற ஒருவரால்கூட "களைச்சுப்போனன்" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியவில்லை என்றால், ஸ்காபரோ வெயார்ஹவுஸில் இரவு இரண்டு மணிக்கு நிற்கிற அக்கா அதை யாரிடம் போய்ச் சொல்வது? கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் அரங்கில் ஒரு பாடம் நடத்தப்பட்டது. உடம்பு என்ன சொன்னாலும் வாயை மூடு, முடியாவிட்டால் பொய் சொல்லு. காயம் என்றால் மன்னிப்போம், களைப்பு என்றால் மன்னிக்க மாட்டோம்.

இந்தப் பாடம் ஆளைக் கொல்லும். 2001 ஓகஸ்டில் மினசோட்டா வைக்கிங்ஸ் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர், வயது 27, கோடைப் பயிற்சி முகாமில் வெப்பத்தாக்கத்தால் இறந்தார். அதற்கு முதல் நாள் பயிற்சியையே அவரால் முடிக்க முடிந்திருக்கவில்லை. மறுநாள் திரும்பப் போனார். 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மக்நேர், வயது 19, அதே வெப்பத்தாக்கம். 2022 செப்ரெம்பர் 25இல் மியாமியின் டுவா டாகோவைலோவா தலை அடிபட்டு, எழும்பித் தள்ளாடினார். அதே ஆட்டத்தில் திரும்பவும் இறக்கப்பட்டார். நாலு நாள் கழித்து அடுத்த ஆட்டத்தில் அவரைத் தூக்குக் கட்டிலில் கொண்டுபோனார்கள். அதன் பிறகுதான், தள்ளாடினால் அன்று திரும்ப இறக்கக் கூடாது என்று விதியை மாற்றினார்கள்.

இதற்கு மாறான இடமும் உண்டு. 2009 பெப்ரவரியில் எங்களுக்குப் பக்கத்து நகரமான பஃபலோவுக்குப் போன சிறிய விமானம் ஒன்று விழுந்து 50 பேர் இறந்தார்கள். விமானிகளின் களைப்பு பெரிய கேள்வியாக எழுந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் நின்று போராடினார்கள். இன்று அமெரிக்காவின் பயணிகள் விமானங்களில், பறக்க முடியாத அளவுக்குக் களைத்துப்போன விமானி அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவரைப் பறக்கவிடக் கூடாது. அங்கே களைப்பைச் சொல்வது கோழைத்தனம் இல்லை, சட்டப்படி கடமை. ஆகவே, களைப்பு என்றாலே வெட்கம் என்பது இயற்கை விதி ஒன்றும் இல்லை. மாற்றலாம். மாற்றியிருக்கிறார்கள்.

நிறம் இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். வருகிறது. கறுப்பர்களுக்கு ஓடத் தெரியும், யோசிக்கத் தெரியாது என்று சொல்லியே பல பத்தாண்டுகள் இந்த இடத்தை அவர்களுக்கு மறுத்தார்கள். 1978இல் வொரன் மூனை எந்த அணியும் தெரிவு செய்யவில்லை. அவர் எட்மண்டனுக்கு வந்து, எங்கள் கனடாவின் கிரே கோப்பையை ஐந்து முறை தொடர்ந்து வென்ற அணியில் ஆடிய பிறகுதான் அங்கே கண் திறந்தார்கள். சோம்பேறி என்ற சொல் ஒரு கறுப்பு இளைஞன் மேல் எவ்வளவு லேசாக ஒட்டும் என்பது எங்களுக்குத் தெரியாததா? எங்கள் பாட்டன்மாரை வேலை வாங்கிய துரைமாரும் அந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள்.

ஆனால் நிறம் மட்டுமே என்று முடித்துவிட்டால் பாதி உண்மைதான். இதே கோல்ட்ஸ் அணியில் ரிச்சர்ட்சனுக்கு முன் இருந்த நட்சத்திரம் அன்ட்ரூ லக். வெள்ளையர், நகரத்தின் செல்லப்பிள்ளை. விலா, சிறுநீரகம், தோள் என்று அடுக்கடுக்காகக் காயம். 2019 ஓகஸ்ட் 24இல், 29 வயதில், இந்தக் காயச் சுழலில் களைத்துப்போனேன் என்று ஓய்வை அறிவித்தார். அன்று மைதானத்தை விட்டு நடந்த அவருக்கு சொந்த ரசிகர்களே ஊளையிட்டார்கள். உழைக்கும் உடம்புக்கு எல்லை இருக்கிறது என்று நினைவூட்டுபவர் யாராக இருந்தாலும் அவர் மேல் ஒரு கோபம் வருகிறது. கறுப்பராக இருந்தால் அந்தக் கோபத்துக்கு ஒரு பெயரும் தயாராக இருக்கிறது.

மற்றப் பக்கத்தையும் பார்ப்போம். அந்த அணியை 1972இல் ரொபர்ட் ஏர்சே வாங்கினார். 1984இல் ஓர் இரவு, பொருட்களை லொறிகளில் ஏற்றி, போல்டிமோர் நகரத்திடம் சொல்லாமல் இண்டியானாபொலிசுக்குக் கொண்டுபோனார். அவருக்குப் பிறகு மகன் ஜிம். 2025 மே மாதம் ஜிம் இறந்த பிறகு மகள்மார். அவர்களின் மைதானம் ஏறத்தாழ 72 கோடி டொலரில் கட்டியது. அணி போட்டது 10 கோடி, பெரும்பகுதி பொதுப்பணம். இந்தக் குடும்பத்தில் யாரும் 40 அங்குலம் பாய்ந்து காட்டவில்லை. யாருடைய இடமும் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் திரும்பத் தீர்மானிக்கப்படுவதில்லை.

பெஞ்சில் இரண்டு ஆட்டம் இருந்த பிறகு ரிச்சர்ட்சன் திரும்ப வந்தார். ஜெட்ஸ் அணிக்கு எதிராக வெற்றி. 2025 மார்ச்சில் அணி டேனியல் ஜோன்ஸைக் கொண்டுவந்தது. நியூயோர்க் ஜயண்ட்ஸ் 16 கோடிக்கு ஒப்பந்தம் போட்டு, ஒன்றரை வருடத்தில் தூக்கி எறிந்த மனிதர் அவர். ஒரு இடம், இரண்டு பேர். ஓகஸ்டில் ஜோன்ஸ் வென்றார். ஒக்டோபரில் ஆட்டத்துக்கு முன்னான உடற்பயிற்சியில் இழுபட்டி தெறித்து ரிச்சர்ட்சனின் கண்குழி எலும்பு முறிந்தது. டிசம்பரில் ஜோன்ஸின் குதிகால் தசைநாண் அறுந்தது. வீட்டில் இருந்த 44 வயது பிலிப் ரிவர்ஸை அழைத்து இறக்கினார்கள். ஒரே பருவத்தில் மூன்று உடம்பு.

ரிச்சர்ட்சனின் ஒப்பந்தம் 2026 பருவம் வரைக்குமானது. ஐந்தாவது வருடமும் வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அணிக்கு. அணி மட்டும்தான் தீர்மானிக்கும். அவருக்கு அதில் வாய் இல்லை. வேண்டாம் என்றால் விற்கலாம், வைத்திருக்கலாம், விட்டுவிடலாம். தோல்வி என்று அவர் பெயருக்கு மேல் எழுதுவார்கள். படிப்பிப்போம் என்று சொல்லிவிட்டுப் படிப்பிக்காதவர்களின் பெயருக்கு மேல் என்ன எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

லீக்கோ ஆட்டங்களைக் கூட்டிக்கொண்டே போகிறது. 2020 மார்ச்சில் வீரர் சங்கம் 1,019க்கு 959 என்ற வாக்கில் 17ஆவது ஆட்டத்துக்கு வழிவிட்டது. வெறும் 60 வாக்கு வித்தியாசம். இப்போது 18 என்ற பேச்சு. களைப்பைச் சொல்ல வெட்கப்படும் தொழிலாளியிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்பது லேசு. வெட்கத்தின் உபயோகம் அதுதான்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். எங்கள் கூட்டங்களில் யார் "என்னால இந்த மாதம் ஏலாது" என்று சொல்லியிருக்கிறோம்? நான் சொன்னதில்லை. ஆய்வேடு, பகுதிநேர வேலை, துண்டுப்பிரசுரம், வெள்ளி இரவு சூம் கூட்டம். களைத்துப்போனால் காய்ச்சல் என்று பொய் சொல்லியிருக்கிறேன். கடந்த வருடம் எங்களை விட்டுப் போன மூன்று பேரும் கொள்கை மாறிப் போகவில்லை. மெல்ல மெல்ல செய்திக்குப் பதில் போடாமல் நின்றுபோனார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டது, சித்தப்பா ரிச்சர்ட்சனைப் பற்றிச் சொன்னதில் இருந்து பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே ஒருநாள் சனங்கள் கிடந்த கிடையை யோசித்தால் எங்களுக்கு என்ன களைப்பு என்று நானே சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அதனால் ஒரு சின்ன முன்மொழிவு. அடுத்த கூட்டத்தில் முதல் விடயமாக, இந்த மாதம் யாருக்கு ஏலாது என்று கேட்போம். காரணம் கேட்க வேண்டாம். அவர்களின் வேலையை மற்றவர்கள் பங்கிடுவோம். பங்கிட ஆள் இல்லை என்றால் அந்த வேலையைக் குறைப்போம். ரிச்சர்ட்சன் கேட்டது ஒரே ஒரு நகர்வு. எங்களால் ஒரு மாதம் கொடுக்க ஏலாதா?

நானே முதலில் சொல்கிறேன். மார்ச் மாதம் எனக்கு ஏலாது.