படுக்கையோடு சுமந்தவர்கள்

பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் அறுபட்டவரைக் குறித்து நம் பங்குகளில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று, ‘ஆண்டவர் தந்த சிலுவை’. மற்றொன்று, ‘செபியுங்கள், அற்புதம் நடக்கும்’. இவ்விரண்டும் அவரைக் கைகழுவப் பயன்படுகின்றன என்பதே நம் வழக்கு. துன்பத்திற்கு மீட்புப் பொருள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. புனித இரண்டாம் யோவான் பவுல் 1984-இல் துன்பம் குறித்து எழுதிய திருத்தூது மடலும் நல்ல சமாரியரை நம்முன் நிறுத்துகிறதே!

விழுந்தவரை நம் ஊர்களில் தூக்கும் விதத்தைப் பாருங்கள். ஒருவர் தோளைப் பற்றுவார், ஒருவர் காலைப் பற்றுவார். உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டி, ஆட்டோவில் மடக்கிக் கிடத்துவார்கள். முறிந்த எலும்பு அசைந்தால் எஞ்சியிருக்கும் தண்டுவடமும் நசுங்கக்கூடும். கப்பர்நாகூமில் நால்வர் முடக்குவாதமுற்றவரைப் படுக்கையோடு சுமந்தனர். கூரையைத் திறந்தபோதும் படுக்கையோடுதான் இறக்கினர் (மாற் 2:1-12). மருத்துவம் கேட்பதும் ஏறக்குறைய அதுவே: தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்க்கோட்டில், பலகைமேல். தமிழகத்தில் 108 ஊர்தி 2008 முதல் ஓடுகிறது. அது வரும்வரை அவரை அசைக்காமல் காக்க ஓர் அன்பியத்தில் ஒருவருக்கேனும் தெரிய வேண்டாமா?

இதனினும் கொடியது பின்வருவது. ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்று அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். செய்யவேண்டியவை அன்றுதான் தொடங்குகின்றன. உணர்வற்ற உடல் நோவை அறிவிப்பதில்லை. ஒரே பக்கம் கிடந்தால் வால் எலும்பின்மேலும் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் இரத்தமின்றி அழுகும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிட ஒரு கை வேண்டும், இரவிலும் வேண்டும். சிறுநீர்ப்பை தானாக முற்றும் வடியாது. பலருக்கு நாளொன்றுக்கு 4 முதல் 6 முறை தூய குழாய் செலுத்தி வடிக்க நேரும். தவறினால் தொற்று சிறுநீரகம்வரை ஏறும். இப்படிப்பட்டவரைப் பல நேரங்களில் கொல்வது மரமன்று, புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. அப்போதும் அடக்கத் திருப்பலியில் ‘இறைவனின் திருவுளம்’ என்கிறோம். படுக்கைப்புண்ணுக்குத் திருவுளத்தைப் பொறுப்பாக்குவது எந்த இறையியல்?

இது ஏட்டுக் கனவன்று. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் 1944-இல் லுட்விக் குட்மன் தொடங்கிய பிரிவு, புரட்டலையும் பயிற்சியையும் முறையாகச் செய்தால் இவர்கள் வாழ்வார்கள், உழைப்பார்கள் என்று காட்டியது. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் கால்களின் இயக்கம் இழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். வேலூரில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். நகரத்துக்கே இது கூடும் என்பீர்களோ? கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியது ஆய்க்குடிச் சிற்றூரில்!

நம் மக்களோ அவரை வேனில் கிடத்திக் குணமளிக்கும் கூட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். மணிக்கணக்கில் ஒரே கிடையாகக் கிடந்து திரும்புபவருக்குப் புதிய புண் கிடைக்கிறது; கூடவே ‘விசுவாசம் போதாது’ என்ற பழியும். பிறவியிலேயே பார்வையற்றவரை முன்னிட்டு யார் செய்த பாவம் என்று கேட்ட சீடருக்கு ஆண்டவர் தந்த மறுமொழியை (யோவா 9:3) இவர்கள் வாசித்ததில்லையோ? கப்பர்நாகூமிலும் ஆண்டவர் கண்டது சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் சேர்த்துத்தானே.

குருத்தோலை ஞாயிறன்று நம் கையில் அசையும் ஓலைக்காக யாரோ ஒருவர் மரம் ஏறியிருக்கிறார். அவர் விழுந்தால் என்ன ஏற்பாடு?

சமாரியர் இரண்டு தெனாரியத்தோடு நிறுத்தவில்லை. மிகுதியாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனார் (லூக் 10:35). நாம் முதல் தெனாரியத்தில் வல்லவர்கள்: திருவிழா மேடையில் ஒரு சக்கர நாற்காலி, ஒரு மாலை, ஒரு புகைப்படம். அந்நாற்காலியில் அமர்பவருக்குப் புண் வராமல் காக்கும் மெத்தை யார் கணக்கில்? அது ஏறுவதற்கு ஆலயப் படியருகே சாய்தளம் எங்கே? அன்னையைக் கண்ணயர விட்டு இரவில் ஒரு முறையேனும் புரட்டிவிட அன்பியத்தார் முறைவைத்துச் செல்வார்களா? அடுத்த திருவிழாக் கணக்கு வாசிக்கப்படும்போது, வாணவேடிக்கைச் செலவை அடுத்து மெத்தைக்கும் குழாய்க்கும் சாய்தளத்துக்கும் எவ்வளவு என்று பங்குப் பேரவையில் எழுந்து கேளுங்கள்.